கையால் எழுதாத லிங்க்குகள்

ஒரு வெப் பக்கத்தில் லிங்க்கை யாராவது முழு முகவரியோடு கையால் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். பாத்திரம் தேய்க்காமல் கிடந்தால்கூட இவளுக்கு இவ்வளவு கோபம் வராது என்று என் கணவர் கிண்டல் செய்வார். உண்மைதான். பாத்திரத்தை நாளைக்குத் தேய்த்துக்கொள்ளலாம். கையால் எழுதிய லிங்க் என்றைக்கு, யார் முன்னால் காலை வாரிவிடும் என்று யாருக்கும் தெரியாது.

மகள் பிறந்ததும் சாஃப்ட்வேர் வேலையை விட்டேன். அவள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது மறுபடி தேட ஆரம்பித்தேன். ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து போகக்கூடிய தூரத்தில் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் குறைவில்லை. எல்லா இடத்திலும் தேர்வு நன்றாகத்தான் எழுதுவேன். கடைசியில் ஒரு பையனோ பெண்ணோ என் எதிரில் உட்கார்ந்து, "இந்த இடைவெளியில என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்பார்கள். "பிள்ளை வளர்த்தேன்" என்பேன். சிரித்துத் தலையாட்டுவார்கள். அதற்குப் பிறகு போன் வராது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஃபிளாட்காரர் சொல்லி, திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறை என்றால் சின்னது இல்லை. பெரிய ஷெட், இரண்டு வரிசை பிரஸ் மெஷின்கள், வண்டிகளுக்குப் போகும் இரும்புப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் யூனிட். முதலாளி அறுபதை நெருங்கியவர். இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசையிலிருந்த திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது சரியா வேலை செய்ய மாட்டேங்குதும்மா. செய்ய வைக்க முடியுமா?"

பத்து நிமிடம் உள்ளே நோண்டிப் பார்த்தேன். "முடியும் சார்" என்றேன்.

"ஆயுத பூஜை முடிஞ்ச கையோட கஸ்டமர் கம்பெனிலேர்ந்து ஆடிட் வராங்க. இந்த சாஃப்ட்வேரைத்தான் பார்ப்பாங்க. ஆடிட் தாண்டுச்சுன்னா நீங்க பர்மனென்ட். தாண்டலைன்னா நான் பழையபடி பேப்பருக்கே போயிடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இல்லை. சரியா?"

சரி என்றேன். வீட்டில் வந்து சொன்னபோது கணவர், "இதையும் பாரு. இதுவும் ஆகலைன்னா கொஞ்ச நாள் தேடறதை விட்டுரு. உடம்பையும் மனசையும் போட்டு வருத்திக்கிற" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கொஞ்ச நாள் விட்டால் அது எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு இது கடைசி வாய்ப்பு என்று அன்று இரவே முடிவுகட்டிக்கொண்டேன்.

அந்த சாஃப்ட்வேர் செய்ய வேண்டிய வேலை எளிது. ஷெட்டில் ஒவ்வொரு மெஷின் மேலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். போனைக் காட்டினால் அந்த மெஷினின் பக்கம் திறக்க வேண்டும். இன்றைக்கு அதில் என்ன பாகம் ஓடுகிறது, அதன் டிராயிங் எது, எடுத்த அளவுகள் என்ன, யார் அளந்தார், இதற்கு முன் அடித்த தொகுதி, அதாவது லாட், எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொட்டுத் தொட்டுப் போகலாம். எல்லாம் ஆபீஸ் மூலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் ஓடியது. எல்லோரும் அதை மரியாதையாக சர்வர் என்றார்கள்.

பைத்தானில், ஃபிளாஸ்க் என்ற கருவியை வைத்து எழுதியிருந்தார்கள். எழுதியவர் முன்பு வந்துபோன ஒரு ஒப்பந்தக்காரர். மனிதர் ஒவ்வொரு லிங்க்கையும் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் எண்ணோடு சேர்த்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கையால் அடித்து வைத்திருந்தார். ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினால் அதைக் காட்டும் அத்தனை லிங்க்குகளும் செத்துப்போகும். ஸ்டிக்கர்களையும் வெளியிலிருந்து அவரே அடித்துக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். எது செத்தாலும் எழுப்ப அவர்தான் வர வேண்டும். அவசரத்தில் செய்த வேலை என்று ஆரம்பத்தில் நினைத்தேன். உள்ளே போகப் போக, இல்லை, இது நிதானமாக யோசித்துச் செய்தது என்று புரிந்தது.

ஃபிளாஸ்க்கில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. நாம் முகவரியை எழுதுவதில்லை. "டிராயிங்கைக் காட்டும் புரோகிராம் துண்டுக்கு, இந்தப் பாகத்துக்கு, ஒரு வழி கொடு" என்று கேட்கிறோம். பக்கம் திறக்கிற அந்த நொடியில் அதுவே முகவரியைக் கட்டித் தரும். நாளைக்கு டிராயிங் பக்கம் வேறு இடத்துக்குப் போனாலும், கம்ப்யூட்டரே மாறினாலும், கேட்கிற கேள்வி மாறாது. பதில் மட்டும் அன்றைக்குத் தகுந்தபடி வரும்.

நான் ஆவடியில் டிஃபன்ஸ் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்குப் புரமோஷன் வரும்போதெல்லாம் எங்களுக்கு வீடு மாறும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு அம்மா வீட்டு எண்ணைச் சொல்லவே மாட்டாள். "மெயின் கேட்ல வந்து டூல் ரூம்காரர் வீடுன்னு அப்பா பேரைச் சொல்லிக் கேளுங்க, காட்டுவாங்க" என்பாள். கேட்டில் இருப்பவருக்கு அன்றைய தேதியில் நாங்கள் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரியும். டைனமிக் லிங்க் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அது அவ்வளவுதான். இந்த அறிவு எனக்குப் பத்து வயதிலேயே இருந்தது என்று ஒரு இன்டர்வியூவில் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

ஆக, நான் வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, கையால் எழுதிய லிங்க்குகளை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கேட்டு வாங்கும் லிங்க்குகளாக மாற்றிக்கொண்டிருந்தேன். இதில் ஒரு கஷ்டம் என்னவென்றால், மாற்றி முடித்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. அதே நீல எழுத்து, அதே பட்டன். பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் டீ குடிக்க வரும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். பூந்தமல்லிக்காரர். என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் என்னை யக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். இரண்டு பேருமே மூத்தவர்களாக இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

"இன்னா யக்கா, வந்ததுலேர்ந்து தட்டிகினே கீற. முன்னாடி எப்டி இருந்துச்சோ அப்டியேதான் கீது?"

"அப்படியேதான் இருக்கும் அண்ணே. அதான் வேலையே."

"இத்த மொதலாளிகிட்ட சொல்லிடாத. டென்சன் ஆயிடுவாரு."

முதலாளிக்கு டென்ஷன் ஏற்கெனவே ஆகியிருந்தது. "ரெண்டு வாரமா என்னம்மா பண்றீங்க? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆயிடப்போகுது" என்றார். நான் ஸ்டிக்கர்களை மாற்ற வேண்டும் என்று வேறு கேட்டேன். பக்கங்களை நான் சரிசெய்துவிட்டாலும் மெஷின்கள் மேல் ஒட்டியிருந்தது அந்தப் பழைய எண்தான். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆடிட் முடியட்டும். லேமினேட் பண்ணின ஸ்டிக்கர், நல்லா பளிச்சுன்னு இருக்கு. அதைக் கிழிக்காதீங்க."

வாயை மூடிக்கொண்டேன், கையை மூடவில்லை. ஸ்டிக்கர் அடிக்கவென்றே தனியாக ஒரு பக்கம் எழுதினேன். ஒரு பட்டனைத் தட்டினால் அப்போது இருக்கும் முகவரியை வைத்து எல்லா மெஷினுக்கும் புது லிங்க் உண்டாக்கி, ஸ்டோர் ரூமில் பெட்டி லேபிள் அடிக்கும் பிரின்டருக்கு அனுப்பிவிடும். யாரும் கேட்காத வேலை. வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. தினமும் கிளம்பும் முன் அன்றைய தகவல்களை எல்லாம் என் லேப்டாப்பில் நகல் எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. பூஜைக்கு முதல் நாள் சாயங்காலமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மகளைக் கூப்பிடக் கிளம்பிவிட்டேன். அதன் பிறகுதான் மற்றவர்கள் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஆயுத பூஜை அன்று அந்த ஷெட்டைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. வாசலில் வாழைக்கன்று. எனக்கும் மனசு நிறைந்துபோனது. ஆபீஸ் மூலையில் என் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, பக்கத்தில் இருந்த வைஃபை ரூட்டர் மேல் ஒரு செவ்வந்திப் பூவைச் சொருகியிருந்தார்கள். கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியதுபோல மின்னியது.

"யார் அண்ணே இவ்ளோ சுத்தமா துடைச்சது?"

சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் பெருமை. "நான்தான் யக்கா. நேத்து நீ போனப்பறம் சைடு பலகைய கழட்டி உள்ளாற ஏர் அடிச்சேன். ஒரு தூசு இல்ல. உன் மிசினாச்சே!"

"எந்த ஏர்?"

"நம்ம கம்ப்ரசர்தான். ஃபுல் பிரசர்ல வெச்சி அடிச்சேன்."

பிரஸ் ஷாப்பில் எதற்கும் அதுதான் வைத்தியம். மெஷினில் தூசு என்றால் கம்ப்ரசர் காற்று. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது தங்கள் சட்டையில் ஒட்டிய இரும்புத் தூளுக்கும் அதே காற்றுதான். ஆனால் அந்தக் கம்ப்ரசர் டேங்க்கில் தண்ணீர் தேங்கும். அதுவும் புரட்டாசி ஐப்பசியில் காற்றோடு தண்ணீர் சாரலாகவே வரும். எண்ணெய் பூசிய இரும்பை அது ஒன்றும் செய்யாது. கம்ப்யூட்டருக்கு அது எமன். முதலாளியிடம் ஓடினேன்.

"சார், ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துட்டு அணைச்சிடறேன்."

அவர் நெற்றியில் விபூதியோடு என்னைப் பார்த்த பார்வையில், கேட்டிருக்கவே கூடாது என்று புரிந்தது. "இன்னிக்கு ஆயுதத்தைத் தொடலாமாம்மா? அதுக்கு ஒரு நாள் ஓய்வு குடுக்கறோம். உங்க கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டிருந்தார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து பிரஸ்களை மட்டும் ஒரு அடி அடித்துவிட்டு, முதலாளி ஆபீஸைப் பூட்டிச் சாவியோடு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, யாராவது கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "அது உன் மிசின் யக்கா, மொதல்ல நீதான் கை வெக்கணும்னு வுட்டுட்டோம்" என்றார். அந்த மரியாதைக்கு நான் என்ன சொல்ல முடியும். லேப்டாப்பைத் திறந்து, இருந்த நகலை அதில் ஏற்றி, நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒரு லிங்க்கும் தடுமாறவில்லை. கம்ப்யூட்டர் போயிருந்தாலும் சமாளிக்கலாம் என்று தைரியமாகத் தூங்கினேன்.

ஆடிட் அன்று காலை பஸ் குமணன்சாவடியில் வழக்கம்போலத் திணறி நின்றபோதே சூப்பர்வைசரின் போன் வந்துவிட்டது. முதலாளி சுவிட்சைப் போட்டுப் பார்த்தாராம், கம்ப்யூட்டர் எழும்பவில்லையாம். நான் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்றேன். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் போயேவிட்டது. அதற்கு நான் தயாராகத்தான் வந்திருந்தேன். தயாராக இல்லாதது ரூட்டருக்கு. அதிலும் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"இதுக்கும் ஏர் அடிச்சீங்களா அண்ணே?"

தலையை ஆட்டினார். முந்தாநாள் பெருமையில் மின்னிய முகம் அது. திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

இன்டர்நெட் கம்பெனியைக் கூப்பிட்டால் பூஜை விடுமுறை, சாயங்காலம்தான் ஆள் வரும் என்றார்கள். பூந்தமல்லியில் கடை திறக்கும் நேரம் இல்லை. ஆடிட்டர்கள் சுங்கச்சாவடி தாண்டிவிட்டதாகத் தகவல் வந்துவிட்டது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"கரண்ட் இல்லைன்னு சொல்லிடலாம். பேப்பரை எடுத்து வைங்க."

வெளியே பிரஸ்கள் டமார் டமார் என்று இறங்கிக்கொண்டிருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்கிறார். அது மட்டுமில்லை, பேப்பர் வெளியே வந்தால் நான் வெளியே போக வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பயம் போய்விடும்.

"பேப்பர் வேண்டாம் சார். எல்லாம் என் லேப்டாப்ல இருக்கு. நெட்வொர்க்குக்கு என் போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் போடறேன். அவங்க போனையும் அதுல சேர்த்துக்கலாம்."

"ஸ்டிக்கர்ல பழைய நம்பர்தானே இருக்கு?"

"புது ஸ்டிக்கர் அடிக்கறேன்."

"இப்பவா?"

"இப்பதான் சார்."

அவர் பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசர் ஸ்டோர் ரூமிலிருந்து லேபிள் பிரின்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டார். கேபிளைச் செருகி, ஹாட்ஸ்பாட்டைப் போட்டு லேப்டாப்பையும் முதலாளியின் போனையும் அதில் சேர்த்து, லேப்டாப்பில் நான் எழுதி வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, சோதனைக்கு ஒரே ஒரு ஸ்டிக்கர் அடித்தேன். முதலாளி அதைக் கையில் வாங்கி, தன் போனை எடுத்துக் காட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் திறக்க முடியவில்லை என்று வந்து நின்றது.

போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஸ்டிக்கரை வாங்கி என் போனில் காட்டி, அதில் என்ன முகவரி இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முழு லிங்க் வேண்டும் என்று கேட்டால், நாம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்து கேட்டோமோ அந்த வாசலைத்தான் ஃபிளாஸ்க் எழுதிக் கொடுக்கும். நான் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து, 'இதே கம்ப்யூட்டர்' என்று பொருள்படும் உள்வாசல் முகவரியில் பக்கத்தைத் திறந்திருந்தேன். ஸ்டிக்கரிலும் அதுவே வந்துவிட்டது. அதைப் படிக்கிற போன் ஒவ்வொன்றும் சர்வரைத் தனக்குள்ளேயே தேடும். கிடைக்குமா? ஹாட்ஸ்பாட் கொடுத்திருந்த எண்ணைப் போட்டு, வெளிவாசல் வழியாக அதே பக்கத்தைத் திறந்தேன். மறுபடி ஒரு ஸ்டிக்கர். முதலாளி போனைக் காட்டினார். முதல் பிரஸ்ஸின் பக்கம் மளமளவென்று திறந்தது. அவர் அளவுகளைத் தொட்டார், டிராயிங்கைத் தொட்டார், பழைய லாட்டைத் தொட்டார். எல்லாம் வந்தது.

"அடிங்கம்மா" என்றார்.

பட்டனைத் தட்டினேன். நாடா மாதிரி ஸ்டிக்கர்கள் வந்துகொண்டே இருந்தன. சூப்பர்வைசர் கத்தரித்துக் கத்தரித்து, சந்தனப் பொட்டுகளுக்குப் பக்கத்தில், அந்தப் பளபளப்பான பழைய ஸ்டிக்கர்கள் மேலேயே ஒட்டிக்கொண்டு போனார். கடைசி மெஷினுக்கு ஒட்டும்போது கேட்டில் கார் ஹார்ன் கேட்டது.

இன்னொரு சிக்கல் இருந்தது. என் போனின் ஹாட்ஸ்பாட் அந்த நீள ஷெட்டின் கடைசி வரைக்கும் எட்டாது. அதற்கு வழி கண்டுபிடித்தவர் சூப்பர்வைசர். பாகங்கள் ஏற்றிச் செல்லும் தள்ளுவண்டியைத் துடைத்துக் கொண்டுவந்தார். அதன் மேல் லேப்டாப்பையும் போனையும் வைத்தோம். அவர் தள்ளிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடந்தேன். போகிற போக்கில் லேப்டாப்பின் நெற்றியிலும் ஒரு குங்குமம் வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். பெரியவர் கேள்வி கேட்பார், கூட வந்த பெண் ஸ்கேன் செய்வார். பெரியவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஒரு மெஷினில் ஆரம்பித்து, அதில் ஓடும் பாகம், அதன் டிராயிங், அந்த டிராயிங்கின் முந்தைய திருத்தம், அந்தத் திருத்தத்தில் அடித்த லாட், அந்த லாட்டை அளந்தவர், அவர் அளந்த மற்ற லாட்கள் என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை அந்தப் பெண்ணின் விரல் திரையில் படும்போதும் முதலாளி மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயமே இல்லை. அந்தப் பக்கங்களில் கையால் எழுதிய முகவரி ஒன்றுகூட மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

ஷெட்டின் கடைசியில் பெரியவர் திரும்பி, தள்ளுவண்டியைப் பார்த்தார்.

"இது என்ன, நம்ம பின்னாடியே வருது?"

முதலாளி இருமினார். நான் முந்திக்கொண்டேன். "இதுதான் சார் சர்வர். பூஜைக்குச் சுத்தம் பண்ணினதுல பழைய கம்ப்யூட்டரும் ரூட்டரும் போயிடுச்சு. காலைலதான் இதுக்கு மாத்தினோம்."

"காலைலயா? இன்னிக்கு காலைலயா?"

"ஆமா சார்."

"இந்த லேப்டாப்பும் போச்சுன்னா?"

"இன்னொண்ணுல ஏத்தி, ஸ்டிக்கரை மறுபடி அடிச்சு ஒட்டுவோம் சார். நீங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆயிடும்."

அவர் சிரிக்கவில்லை. கூட வந்த பெண் சிரித்துவிட்டார். பெரியவர் அவரிடம் ஏதோ குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்து ஸ்டோரைப் பார்க்கலாம் என்று நடந்தார். சூப்பர்வைசர் என் காதருகில், "யக்கா, டீயா? காபி குடுத்தா கொஞ்சம் டைம் கெடைக்கும்" என்றார்.

மதியத்துக்கு மேல் கார் கிளம்பிப் போனதும் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். எல்லாம் திருப்தி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். உட்காரச் சொன்னார். மேசைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இப்ப இது எந்தக் கம்ப்யூட்டர்ல வேணா ஓடும், இல்லையா?"

"ஓடும் சார்."

"யார் வேணா ஏத்தி ஓட்டலாமா?"

"எப்படி ஏத்தறதுன்னு உள்ளேயே எழுதி வெச்சிருக்கேன் சார். இந்த வேலை தெரிஞ்ச யார் வேணா படிச்சுப் பார்த்து ஓட்டலாம்."

"அப்போ நீங்க இல்லைன்னாலும் ஓடும்."

கேள்வியாகக் கேட்கவில்லை, சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தொழில் செய்கிறவர் மனசு இயல்பாகப் போகிற வழி அது. ஆடிட் தாண்டிவிட்டது, சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறது, இனிமேல் நான் எதற்கு? ஒரே ஒரு பொய் போதும். "இல்லை சார், சில இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றால் போதும். அந்த ஒப்பந்தக்காரர் இதே அறையில் அதைத்தான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார். என் நாக்கு அதற்கு மடங்கவில்லை.

"ஓடும் சார்" என்றேன். "நான் நாளைக்கு வரலைன்னாலும் ஓடும். முன்னாடி எழுதினவர், அவர் இல்லாம ஓடக் கூடாதுன்னு எழுதினார். நான் யாருமே இல்லைன்னாலும் ஓடணும்னு எழுதினேன். இப்படி எழுதற ஆளைத்தான் நீங்க வெச்சுக்கணும்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். வெளியே ஒரு பிரஸ் இறங்கி, மேசைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஒன்பதுக்கு சார். நாலரைக்குக் கிளம்பணும். பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூப்பிடணும்."

"கிளம்புங்க. அந்த லேப்டாப்பை இனிமே சுமந்துட்டு வர வேண்டாம். உங்களுக்கு கம்பெனில ஒண்ணு வாங்கிடறேன். பர்மனென்ட் ஆளுங்க சொந்த சாமான் கொண்டுவரக் கூடாது."

நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. நெடுஞ்சாலைக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று கணவருக்குப் போன் போட்டேன். "என்னாச்சு?" என்றார். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. வண்டிகள் போகிற இரைச்சலில் அவருக்கு அந்த அழுகை மட்டும் கேட்டிருக்க வேண்டும். பயந்துபோய், "சரி விடு, போனா போகுது, அவங்களுக்குக் குடுத்துவைக்கலை, நீ வீட்டுக்கு வா" என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் தேம்பிக்கொண்டே இல்லை இல்லை என்கிறேன், அவர் மேலும் மேலும் ஆறுதல் சொல்கிறார். அதற்குள் பூந்தமல்லி பஸ் வந்துவிட்டது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து நிறுத்தி, பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினேன்.

"வேலை கிடைச்சிடுச்சுங்க!"